கரப்பானும் புளித்த கூழும்

எக்ஸிமா போன்ற தோல் நோய்க்குச் சித்த மருத்துவம் வைத்த பெயர் கரப்பான். அதைக் கிளப்பும் உணவுகளுக்குக் 'கரப்பான் பண்டம்' என்றே பெயர்: சோளம், கம்பு, வரகு, வாழைக்காய், பாகல்... ஏழையின் தானியங்கள்தான் முன்னால் நிற்கின்றன, கவனித்தீர்களா? புளிப்பும் ஆகாது என்பார்கள்.

கொல்லிமலையின் மலையாளி மக்கள் (கேரளத்தார் அல்ல, பழங்குடியினர்) சாமை, கேழ்வரகு, வரகு, தினை விளைத்தவர்கள். அங்கே பத்தியம் என்றால் வயிற்றுக்கே சோதனை. கூழோ இரவெல்லாம் புளித்தால்தான் ருசி!

புளிக்கும்போது சில பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினை உண்டாக்கும். அது அரிப்பைத் தூண்டும். எக்ஸிமா நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு அதைச் சிதைக்கும் என்சைம் குறைவு என்று 2006-இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் காட்டினார்கள். எல்லோருக்கும் அல்ல, ஒரு பிரிவினருக்கு மட்டுமே.

அதற்குள் மலை வயல்களில் பெரும்பகுதியை மரவள்ளி பிடித்துவிட்டது, ஜவ்வரிசி ஆலைகளுக்காக.