கோவிவனும் ஒரு மலைவீட்டு நாயும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறும் பேருந்தில் வெளியூர்க்காரர்கள் இருந்தால் அவர்கள் பெரும்பாலும் அருவி பார்க்கச் செல்பவர்களாக இருப்பார்கள். நாங்கள் மூவரும் நடுகற்களைத் தேடிச் சென்றோம். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில், மலையாளிப் பழங்குடிக் குடும்பம் ஒன்று தன் வீட்டுத் திண்ணையை ஒன்பது நாள்கள் எங்களுக்கு விட்டுக்கொடுத்தது. (மலையாளி என்றதும் வாசகர்கள் கேரளத்தை நினைக்க வேண்டா. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் தமிழ்ப் பெயர் அது. பேசுவதும் தமிழே.) தேடிய கல் எதுவும் அகப்படவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

அவ்வீட்டில் எங்களை ஏற்றுக்கொள்ளாத உயிர் ஒன்று இருந்தது. செம்பட்டை நிறம், ஒடுங்கிய வயிறு, ஒரு காதில் பழைய கிழிசல். முதல் மூன்று நாள்கள் நாங்கள் எழுந்தால் குரைத்தது, இருமினால் குரைத்தது, குறிப்பேட்டைத் திறந்தாலும் குரைத்தது. வீட்டுப் பெரியவர் இரண்டாம் நாள் ஓர் உபாயம் சொன்னார். "அது வந்தா உக்காந்துடுங்க தம்பி. நிக்கிற ஆளைத்தான் அதுக்கு ஆகாது."

எங்களில் ஒருவர் இதைக் கேட்டுத் துள்ளிக் குதித்தார். ஹோமரின் ஒடிசியில் இதே உபாயம் வருகிறது. இருபது ஆண்டுகள் கழித்துப் பிச்சைக்காரன் வேடத்தில் இதாக்கா திரும்பும் ஒடிசியூஸ், பன்றி மேய்ப்பவன் குடிலை அடையும்போது நாய்கள் பாய்ந்து வருகின்றன. அவன் கைத்தடியை நழுவவிட்டுத் தரையில் அமர்ந்துவிடுகிறான். எசமானன் ஓடிவந்து கல்லெறிந்து அவற்றைத் துரத்துகிறான். ஆர்கோஸ் என்ற கிழநாய் அவனை அடையாளம் கண்டு உயிர்விடும் கட்டத்தையே எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். எங்களுக்கு அந்தக் குடில்வாசல் காட்சிதான் நெருக்கமானது. ஒரு வீட்டுக்குள் அயலானை விடுவதா வேண்டாமா என்பதை முதலில் முடிவு செய்வது நாய் என்பதை அந்தக் கவிஞன் அறிந்திருக்கிறான்.

கல்வராயன் நாய்க்கு அயலான்மேல் ஐயம் வர வேறு காரணங்களும் உண்டு. இம்மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்களாக இருந்தது. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என மூன்று வழியினர் வரி தண்டினர். நாடு விடுதலை பெற்ற பின்னும் இந்த ஏற்பாடு தொடர்ந்து, 1976இல்தான் முடிவுக்கு வந்தது. கீழிருந்து ஏறி வருபவன் வரி தண்ட வருவான், அல்லது காட்டைக் காக்க வருவான், அல்லது சாராய ஊறலைத் தேடி வருவான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபின், மலையின் பெயரே ஊறலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அத்தகைய மலையில் குறிப்பேட்டோடு திரிபவனைக் கண்டு ஒரு நாய் குரைத்தால் அதைக் குறை சொல்வது எப்படி? இம்மக்களும் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். வந்தேறியவர்களின் வாசலில் வந்தேறிகளாக நாங்கள்.

கல்வராயனுக்கு வடக்கே, தென்பெண்ணையைக் கடந்தால் செங்கம் நாடு. பல்லவர் கால நடுகற்கள் செறிந்த நிலம். எழுபதுகளின் தொடக்கத்தில் இரா. நாகசாமி அவர்களின் முயற்சியில் தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றைத் தொகுத்து வெளியிட்டது. அவற்றுள் எடுத்தனூர்க் கல் ஒன்று. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் கவர வந்தவர்களோடு பொருது கருந்தேவக் கத்தி என்ற இளைஞன் மடிந்தான். அவன் எந்தத் தலைவனின் ஆள் என்பதையும் கல் சொல்கிறது. அதோடு நின்றிருந்தால் அது நூற்றுக்கணக்கான நடுகற்களில் ஒன்றாகியிருக்கும். வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்கெனத் தனியே ஒரு வாசகம் பொறித்திருக்கிறார்கள்: கோவிவன் என்னும் பெயருடைய நாய், கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்ற செய்தி அதில் இருக்கிறது.

இந்த வாசகத்தை நாங்கள் பலமுறை படித்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் எங்களை நிறுத்துவது அந்த எண்ணிக்கை. கள்வர் இருவர். களத்தில் நின்ற யாரோ ஒருவர் எண்ணியிருக்கிறார், ஊருக்குத் திரும்பிச் சொல்லியிருக்கிறார், கல்தச்சனிடம் அதையும் வெட்டச் சொல்லியிருக்கிறார். அந்த ஊரின் மற்ற மனிதர்கள் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்? நாயின் பெயர் தெரிகிறது.

கன்னட நாட்டில் ஆதகூரிலும் இப்படி ஒரு கல் உண்டு. 949ஆம் ஆண்டையொட்டித் தக்கோலப் போரின் செய்தியைச் சொல்வது. சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த அந்தப் போரைப் பற்றிய முதன்மைச் சான்றுகளுள் அது ஒன்று என்பதால் வரலாற்றாசிரியர்கள் அதை அடிக்கடி புரட்டுவார்கள். ஆனால் அந்தக் கல் காளி என்ற வேட்டை நாய்க்காக நட்டது. மணலேரன் என்ற வீரன், என்ன வேண்டும் என்று கேட்கப்பட்டபோது அந்த நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் அது ஒரு காட்டுப்பன்றியோடு பொருது, இரண்டுமே மடிந்தன. சோழநாட்டின் பேரிழப்பு நமக்குத் தெரியவருவது ஒரு நாயின் நினைவுக்கல் வழியே!

இதற்கு நேர்மாறாகப் பக்தி இலக்கியத்தில் அடியவர்கள் தம்மைத் தாழ்த்திக்கொள்ள நாயையே உவமையாக்கினார்கள். அந்த வழக்கு பேச்சிலும் இறங்கி இன்றுவரை வசவாகத் தொடர்கிறது. நாலடியார் மட்டும் எங்களுக்கு ஆறுதல். பழகிய பாகனையே கொல்லும் யானை போன்றவரின் உறவை விட்டு, எறிந்த வேல் உடம்பில் இருக்கும்போதே வாலைக் குழைக்கும் நாய் போன்றவரின் நட்பைக் கொள்ளச் சொல்கிறது அது. எனினும் அங்கும் நாய் உவமைதான். பெயர் இல்லை.

நான்காம் இரவு எங்கள் நாய் குரைக்கவில்லை. வீட்டம்மாள் சாமைச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். அது வந்து எங்கள் இலைகளுக்கு எட்டாத தொலைவில் படுத்தது. "மூணு நாள் உங்களைப் பாத்துக் குலைச்சுது. இனிமே உங்களுக்காகக் குலைக்கும்" என்றார் அவர். சொன்னபடியே, அன்று நள்ளிரவில் ஏதோ ஓசை கேட்டு எங்கள் தலைமாட்டில் நின்று இருளை நோக்கிக் குரைத்தது. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் வீட்டு விருந்தினர் உண்பது நாய் பிடித்துவந்த உடும்பின் இறைச்சி. விருந்தோம்பலில் நாய்க்கும் பங்கு உண்டு என்று அப்பாடல் கருதியிருக்க வேண்டும்.

அதன் பெயரைக் கேட்டோம். நாய்க்கு எதற்குப் பெயர் என்று அம்மாள் சிரித்தார். சோறு வைக்கும்போது நாக்கைச் சொடுக்குவார்கள், அது வரும். அன்று முதல் நாங்கள் அதைக் கோவிவன் என்று அழைத்தோம். "அது பெட்டை, தம்பி" என்று பெரியவர் திருத்தினார். பெயர் ஒட்டவில்லை.

பெட்டை என்றதும் திருவண்ணாமலையின் கமலா நினைவுக்கு வந்தது. இரமணர் 1916 முதல் 1922 வரை கந்தாசிரமத்தில் தங்கியிருந்த காலத்தில் அங்கே இருந்த நாய். மலைக்குப் புதியவர் எவரேனும் வந்தால், இவரைச் சுற்றிக் காட்டி வா என்று இரமணர் கமலாவிடம் சொல்வாராம். அது அவரைக் கூட்டிச் சென்று குளங்களையும் கோயில்களையும் சிலைகளையும் காட்டிவிட்டுத் திரும்பும். ஆற்றுப்படை என்ற இலக்கிய வகையின் வேலை இதுதானே? செங்கத்து நன்னனிடம் கூத்தரை வழிப்படுத்திய மலைபடுகடாம் 583 அடிகளில் செய்ததைக் கமலா நான்கு கால்களால் செய்தது. கோவிவன் அயலானைக் கடித்து நின்றது, கமலா அயலானை அழைத்துச் சென்றது. எங்கள் திண்ணை நாய் மூன்று நாளில் ஒன்றிலிருந்து மற்றொன்றாகியிருந்தது.

ஐந்தாம் நாளிலிருந்து நாங்கள் காட்டுவழியில் செல்லும்போதெல்லாம் அது முன்னால் நடந்தது. பிரியும் பாதைகளில் நின்று திரும்பிப் பார்த்தது. நடுகல் இருக்கும் என்று நாங்கள் நம்பிய இடங்களுக்கு அது வரவில்லை. தண்ணீர் இருந்த இடங்களுக்கெல்லாம் எங்களை இட்டுச் சென்றது.

ஒன்பதாம் நாள் காலை, ஊர் எல்லையிலுள்ள பலாமரம் வரை வந்து நின்றுவிட்டது. நாக்கைச் சொடுக்கிப் பார்த்தோம், வரவில்லை. பேருந்து நிற்கும் அடுத்த ஊரை நெருங்கியபோது அவ்வூர் நாய்கள் நான்கு ஓடிவந்து குரைத்தன. ஒடிசி நண்பர் பையோடு சாலை நடுவே அமர்ந்துவிட்டார். பேருந்து ஓட்டுநர் ஒலிப்பானை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்.