பெதஸ்தா அநாதை இல்லமும் அடிமை உழைப்பும்: ஒரு மறுவாசிப்பு

ஆங்கிலேயப் போதகர் ஜார்ஜ் விட்ஃபீல்ட், ஜார்ஜியாவின் சவானா அருகே 1740 மார்ச்சில் பெதஸ்தா அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டினார். அப்போது அக்குடியேற்றத்தில் அடிமைமுறைக்குத் தடை இருந்தது. அந்த இல்லம் பின்னர் அடிமைகளின் உழைப்பைச் சார்ந்து நின்றது ஏன்? அவரே சொன்ன காரணத்தை அவரைப் போற்றி எழுதியோர் பலரும் ஏற்றுக்கொண்டனர். 1751 மார்ச்சில் எழுதிய கடிதத்தில், வெப்ப நாடுகளில் கறுப்பின மக்கள் இல்லாமல் பயிர்செய்ய இயலாது என்கிறார். முன்பே அனுமதி கிடைத்திருந்தால் ஜார்ஜியா செழித்திருக்கும், வெள்ளையர் உயிர்களும் பெரும்பணமும் வீணாகியிருக்காது என்றும் வாதிடுகிறார். தட்பவெப்பமே காரணம் என்னும் இவ்வாதத்தை நான் ஏற்கவில்லை.

மறுப்புக்கான சான்று அதே மண்ணில் இருக்கிறது. மதத் துன்புறுத்தலால் நாடிழந்த சால்ஸ்பர்க் லூத்தரன்கள் சவானா ஆற்றங்கரையில் எபெனேசர் என்னும் ஊரை அமைத்தனர். அவர்களின் போதகர் போல்ட்சியஸ், தரங்கம்பாடிக்கு மிஷனரிகளை அனுப்பிய அதே ஹாலே நிறுவனத்திலிருந்து வந்தவர். அவர் 1737-38இல் அங்கே ஓர் அநாதை இல்லம் தொடங்கினார். 1738இல் விட்ஃபீல்ட் அதை நேரில் பார்த்து வியந்தார்.

1739 மார்ச்சில் எபெனேசர் மக்கள் ஒப்பமிட்ட விண்ணப்பம் ஊன்றிப் படிக்கத்தக்கது. தாய்நாட்டைவிட இங்கே வெப்பம் மிகுதிதான், ஆனால் பிறர் அச்சுறுத்திய அளவுக்கு இல்லை என்கிறது அது. வெள்ளையரால் நெல் பயிரிட முடியாது என்ற பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறோம் என்கிறது; தங்களில் சிலருக்குத் தேவைக்கு மிஞ்சி நெல் விளைந்ததையும் சான்றாக வைக்கிறது. அடிமைகளை அனுமதிக்க வேண்டாம் என்பதே அதன் கோரிக்கை. எபெனேசருக்கு ஐரோப்பிய உதவி வந்தது என்று எதிர்வாதம் எழலாம். பெதஸ்தாவும் நன்கொடையில் எழுந்ததுதான். பிலடெல்பியாவில் விட்ஃபீல்டின் பிரசங்கம் கேட்ட பெஞ்சமின் பிராங்க்ளின்கூடப் பையிலிருந்ததையெல்லாம் காணிக்கைத் தட்டில் இட்டார். போல்ட்சியஸும் பின்னாளில் தன் எதிர்ப்பைத் தளர்த்தினார் என்பது உண்மை. ஆனால் 1739இன் விளைச்சலை அது பொய்யாக்கிவிடாது.

விட்ஃபீல்டின் மனமாற்றத்துக்குத் திட்டவட்டமான நாள் குறிப்பது கடினம். 1740இல் தென்குடியேற்றங்களின் அடிமை உடைமையாளர்களை அவர்களின் கொடுமைக்காகப் பகிரங்கக் கடிதத்தில் கண்டித்தவர் அவர். ஆயினும் அடிமைமுறையையே அக்கடிதம் மறுத்ததாகக் கொள்ள இயலாது. 1747இல் தென் கரோலினாவில் அடிமைகள் உழைத்த தோட்டம் ஒன்றை இல்லத்தின் செலவுக்காக ஏற்றார். இவ்விரண்டு ஆண்டுகளுக்கு இடையே என்பதற்கு மேல் நெருக்கிச் சொல்ல நான் துணியவில்லை. ஜார்ஜியாவில் தடை நீங்கியது 1751 தொடக்கத்தில்தான். ஆகவே அண்டைக் குடியேற்றத்தின் வழியாக அவர் சட்டத்துக்கு முந்திக்கொண்டார்.

1770இல் அவர் எழுதிய உயிலில் பெதஸ்தா இல்லம் ஹண்டிங்டன் சீமாட்டி செலினாவுக்குச் செல்கிறது. கட்டடங்கள், நிலங்கள், கறுப்பின அடிமைகள், நூல்கள், அறைகலன்கள் என்று ஒரே மூச்சில் அடுக்கப்படுகின்றன. கடல்கடந்து வந்து அநாதைகளுக்காக அவர் உழைத்த உழைப்பு உண்மையானது; அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அடிமைகளின் பிள்ளைகளும் பிள்ளைகளே. வேறு வழி இல்லாததால் இந்த உயில் பிறக்கவில்லை; எபெனேசரில் தாம் கண்ட வழியை அவர் கைவிட்டதால் பிறந்தது.