மன்னார்த் தீவில் மலக்குழியை வெறுமையாக்க: மாரிக்கு முன், மேலிருந்தே

2009 ஓகஸ்டில் மெனிக்பாம் முகாமில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மழை பெய்ததும் மலக்குழிகள் நிரம்பி, கூடாரங்களுக்கிடையில் கழிவுநீர் ஓடியது. மீள்குடியேறியபோது பலருக்கு வீட்டுத்திட்டத்தோடு மலசலகூடம் கிடைத்தது. குழி நிரம்பினால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்தவர்கள் குறைவு.

மன்னார்த் தீவு மணற்தரை. பேசாலை, தலைமன்னார்ப் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். குழியில் கசிவது அந்த மணலூடாகவே கிணற்றுக்கும் போகிறது. இரண்டுக்கும் இடையில் 50 அடியாவது வேண்டும். இல்லாத காணிகளில் கிணற்றுநீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

ஓகஸ்ட், செப்டெம்பரே குழி வெறுமையாக்க நல்ல காலம். மாரி தொடங்கிய பின் பவுசரைக் கூப்பிட்டால், அடி கட்டாத குழியில் அது உறிஞ்சுவது பெரும்பாலும் நிலத்தடி நீரைத்தான். காசும் வீண், குழியும் திரும்ப நிரம்பிவிடும். பிளாஸ்டிக் தொட்டி புதைத்திருந்தால் இன்னொரு ஆபத்து: வெறுமையானதும் நிலத்தடி நீர் அதை மேலே தூக்கி, குழாய்களை முறித்துவிடும்.

மூடியைத் திறந்ததும் விலகி நில்லுங்கள். உள்ளே மீதேன் இருக்கும். பீடி, தீக்குச்சி கிட்டவும் கூடாது. ஐதரசன் சல்பைட்டு அதைவிட மோசம். செறிவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. ஒரு நிமிடத்துக்குக்கூட எவரும் உள்ளே இறங்கக் கூடாது. விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து இறப்பது பல நாடுகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. அடியில் சேறு இறுகியிருந்தால் மேலிருந்து தண்ணீர் பாய்ச்சிக் கலக்கி, உறிஞ்சவிடுங்கள். அசிட் வேண்டாம், கழிவை உக்கவைக்கும் பக்டீரியா செத்துவிடும்.

எங்கே கொட்டுவீர்கள் என்று பவுசர்க்காரரைக் கேளுங்கள். களப்பு ஓரம், கண்டல் பற்றை என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள்.