சுக்கான் கேளாத கப்பல்

என் தமக்கையின் பிள்ளை பி.காம். படிக்கிறான். விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால், இரவு பத்து மணிக்கு மேல் அவன் கடற்படைத் தளகர்த்தனாகிவிடுவான். கம்ப்யூட்டர் திரையில் சமுத்திரம் அலையடிக்கும், பீரங்கிகள் முழங்கும், பக்கத்து அறையில் தூங்குகிறவர்களின் கதியைப் பற்றித் தளகர்த்தனுக்குக் கவலை கிடையாது. மூன்று வருஷமாக அவன் ஒரே கப்பலை வைத்துக்கொண்டு ஆடுகிறான். பெயர் வார்ஸ்பைட். எத்தனை யுத்தம், எத்தனை வெற்றி, எத்தனை எதிரிகளை மூழ்கடித்தது என்று அதன் உத்தியோக சரித்திரம் முழுவதையும் விளையாட்டே கணக்கு வைத்துக் காட்டுகிறது. அறுநூறு யுத்தத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். ஒவ்வொன்றும் இருபது நிமிஷம்.

ஒரு நாள் என்னையும் உட்கார வைத்தான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. எங்கிருந்தோ ஒரு குண்டு வந்து விழுந்தது. கப்பல் நான் சொன்ன பேச்சைக் கேட்காமல் ஒரே பக்கமாக வட்டமடிக்க ஆரம்பித்தது.

"மாமா, சுக்கான் போயிடுச்சு. இதை அமுக்குங்க."

அமுக்கினேன். சுக்கான் சரியாகிவிட்டது. நான் எதிரி எங்கே என்று பார்ப்பதை விட்டுவிட்டு அவனைப் பார்த்தேன். "நிஜக் கப்பலுக்கும் இதே வியாதிதான்டா இருந்தது" என்றேன். "அப்படியா!" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்து யுத்தத்தை வாங்கிக்கொண்டான். அவனிடம் சொல்ல முடியாமற் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இம்மாதிரி விளையாட்டுக்குக் கம்ப்யூட்டர் காலம்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 1898-ல் இங்கிலாந்தில் ஃபிரெட் ஜேன் என்பவர் ஒரு கடற்போர் விளையாட்டை வெளியிட்டார். உலகத்துப் போர்க்கப்பல்கள் எல்லாவற்றையும் படத்தோடு தொகுத்து வருஷந்தோறும் வருகிற புத்தகம் ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறதே, அது இந்த விளையாட்டுக்குத் துணைநூலாகப் பிறந்ததுதான். மனிதர் சித்திரக்காரர், என் ஜாதி, அதாவது கதை எழுதுகிறவர். வெள்ளிக் கிரகத்துக்கு ஐந்து விநாடியில் போகிற கதைகூட எழுதியிருக்கிறார். அவருடைய விளையாட்டில், எதிரிக் கப்பலின் படம் கட்டம் கட்டமாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். முனையில் ஊசி வைத்த ஒரு சிறு மட்டையால் அந்தப் படத்தை ஓங்கி அடிக்க வேண்டும். காகிதத்தில் துளை எங்கே விழுகிறதோ, அங்கே குண்டு பாய்ந்ததாகக் கணக்கு. நிஜமான கடற்படை அதிகாரிகள் மேஜையைச் சுற்றி நின்று ஊசியால் குத்திக்கொண்டிருந்தார்கள்.

ஜேன் 1916 மார்ச்சில் காலமானார். இன்னும் மூன்று மாதம் இருந்திருந்தால் ஜட்லண்டு யுத்தத்தைப் பற்றிக் கேட்டிருப்பார். ஊசித் துளைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை ஜட்லண்டு காட்டியது.

வார்ஸ்பைட் டெவன்போர்ட் துறையில் 1912-ல் கட்டத் தொடங்கி, 1915 மார்ச்சில் சேவைக்கு வந்த கப்பல். பதினைந்து அங்குல வாயுள்ள எட்டுப் பீரங்கிகள். ஒரு குண்டின் எடை ஏறக்குறைய 870 கிலோ. நிலக்கரியை அடியோடு விட்டு எண்ணெயை மட்டுமே எரித்த முதல் பிரிட்டிஷ் போர்க்கப்பல் வரிசை இது. அந்த எண்ணெய்க்காகவே பிரிட்டிஷ் சர்க்கார் 1914-ல் பாரசீக எண்ணெய்க் கம்பெனியின் பெரும் பங்கை விலைக்கு வாங்கியது. அதன் விளைவுகளை எழுதப் புகுந்தால் அது தனிப் புத்தகமாகிவிடும்.

இவ்வளவு பெருமையுடன் வந்த கப்பலுக்கு ஜாதகம் மட்டும் சரியில்லை. அதே வருஷம் செப்டம்பரில் தரை தட்டியது. டிசம்பரில் கூட்டாளிக் கப்பலான பார்ஹமின் மீது மோதியது. எதிரியைக் கண்ணால் பார்க்கு முன்பே இரண்டு தடவை பழுதுபார்க்கும் துறைக்குப் போய் வந்தாகிவிட்டது.

1916 மே 31. டென்மார்க்குக்கு மேற்கே வடகடலில் சுமார் 250 கப்பல்கள். மாலை ஆறு மணிக்கு மேல், பிரிட்டிஷ் பெரும்படையோடு சேர்ந்துகொள்ள வார்ஸ்பைட்டின் அணி திரும்புகிறது. முன்னால் போகும் வாலியண்ட் கப்பலில் இடித்துவிடாமல் இருக்கக் கப்பலை ஒடிக்கிறார்கள். ஒடித்த சுக்கான் ஒடித்தபடியே சிக்கிக்கொண்டது. பெரிய யானை ஒன்று பாகன் பேச்சைக் கேளாமல் திருவிழாக் கூட்டத்தில் சுற்றி வருவதை நினைத்துப் பாருங்கள். எதிரே ஜெர்மன் படை முழுவதும் வரிசையாக நிற்கிறது. கேப்டன் பில்பாட்ஸுக்கு வேறு வழி தெரியவில்லை. நிறுத்தினால் அசையாத இலக்கு. ஆகவே வேகத்தைக் குறைக்காமல், சுற்றுகிற கப்பலைச் சுற்ற விட்டார். இரண்டு முழு வட்டம். ஜெர்மானியர்கள் தாமாக வந்து மாட்டிய இந்த இரையை விடுவார்களா? அன்று அந்தக் கப்பல் பதினைந்து பெரிய குண்டுகளை வாங்கியது.

அந்த இடத்துக்கு அருகில் வாரியர் என்ற குரூஸர் குற்றுயிராய்க் கிடந்தது. அதன் அணித் தலைமைக் கப்பலான டிஃபன்ஸ் சில நிமிஷங்களுக்கு முன்புதான், ஒருவர்கூடப் பிழைக்காமல் வெடித்துச் சிதறியிருந்தது. அடுத்தது வாரியர்தான் என்று எல்லோரும் நினைத்த வேளையில் வார்ஸ்பைட் குறுக்கே வந்தது. பீரங்கிகள் அதன் பக்கம் திரும்பின. வாரியர் நழுவியது. மறுநாள் அது மூழ்கிவிட்டாலும், அதிலிருந்த எழுநூறுக்கும் மேற்பட்டவர்களை இன்னொரு கப்பல் ஏற்றிக்கொண்டு விட்டது. தங்களைக் காப்பாற்றவே வார்ஸ்பைட் குறுக்கே பாய்ந்தது என்று வாரியரின் ஆட்கள் நம்பினார்கள். உயிர் பிழைத்தவர்களிடம் போய், "அது வீரம் இல்லை, சுக்கான் கோளாறு" என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? நான் கதாசிரியனாக இருந்து இப்படி ஒரு சம்பவத்தை எழுதியிருந்தால், பத்திரிகாசிரியர் நம்பும்படியாக இல்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

வார்ஸ்பைட் மூழ்கிவிட்டதாக ஜெர்மனி மறுநாள் அறிக்கை வெளியிட்டது. அதே நேரத்தில் அந்தக் கப்பல், வழியில் நீர்மூழ்கிகளின் டார்பிடோக்களுக்குத் தப்பி, ரோசைத் துறைமுகத்துக்கு ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. உள்ளே இறந்தவர்கள் பதினான்கு பேர். அன்றைய யுத்தத்தில் இரு தரப்பிலும் எண்ணாயிரத்து அறுநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அந்தக் கணக்கில் பதினான்கு என்பது அதிர்ஷ்டம் என்றே எழுதி வைத்திருக்கிறார்கள்.

காயம்பட்டவர்களில் வால்ட்டர் யோ என்ற பீரங்கி அதிகாரி ஒருவர். வயது இருபத்தைந்து. நெருப்பு முகத்தைத் தின்றுவிட்டது. இரண்டு கண்களின் இமைகளும், மேலும் கீழும், போய்விட்டன. கண்ணை மூட முடியாத மனிதனுக்குத் தூக்கம் எப்படி வரும் என்று எண்ணிப் பார்த்தேன். மேற்கொண்டு எண்ண முடியவில்லை. 1917-ல் ஹரோல்ட் கில்லிஸ் என்ற வைத்தியர், யோவின் உடம்பிலிருந்தே தோலை ஒரு முகமூடி வடிவத்தில் எடுத்து, இரத்த ஓட்டம் அறாதபடி உயர்த்தி, கண்களைச் சுற்றிப் பொருத்தினார். இன்று ஒட்டறுவைச் சிகிச்சை என்கிறோமே, அதன் முதல் நோயாளிகளில் ஒருவர் இவர். புகைப்படங்கள் இருக்கின்றன. முதல் படத்தில் கண்கள் மட்டும் திறந்திருக்கின்றன. பிந்திய படத்தில், ஒட்டுப்போட்ட தோலின் நடுவிலிருந்து ஒரு மனிதர் நம்மைப் பார்க்கிறார். மறுபடி கடற்படைச் சேவைக்கே திரும்பினார். 1960 வரை உயிரோடிருந்தார்.

கப்பலையும் இரண்டு மாதத்துக்குள் ஒட்டுப் போட்டு அனுப்பினார்கள். ஆகஸ்டில் அது வாலியண்டின் மீதே போய் மோதியது. சுக்கான் வியாதி ஆயுசு முழுவதும் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது.

பின்னால் நடந்த வெற்றிகளை மருமான் என்னைவிட நன்றாகச் சொல்லுவான். 1930-களில் எந்திரம், கொதிகலன் எல்லாவற்றையும் மாற்றிக் கப்பலைப் புதிதாக்கினார்கள். 1940 ஏப்ரலில் நார்வேயின் நார்விக் நீர்ச்சந்துக்குள் நுழைந்து, எட்டு ஜெர்மன் நாசகாரிகளின் கதை முடிந்த சண்டையை நடத்தியது. அதே வருஷம் ஜூலையில் மத்தியதரைக் கடலில் சுமார் 24 கிலோமீட்டர் தூரத்திலிருந்து இத்தாலியத் தலைமைக் கப்பலை அடித்தது. 1941 மார்ச்சில் மட்டபான் முனைக்கு அருகே இரவில் நடந்ததை யுத்தம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதிரி இருப்பதே தெரியாமல் வந்த இத்தாலியக் கப்பல்கள் மீது, நாலு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், விளக்கைப் போட்டுச் சுட்டார்கள். இறந்தவர்கள் 2,300-க்கு மேல். இரண்டு மாதம் கழித்துக் கிரீட் அருகே விமானக் குண்டு விழுந்து வார்ஸ்பைட் ஊனமாயிற்று. அமெரிக்காவின் பிரெமர்ட்டன் வரை போய்ப் பழுது பார்த்துக்கொண்டது.

திரும்பி வந்தபோதுதான் அது நம் பக்கத்துக் கடலுக்கு வந்தது. 1942 மார்ச்சில் கிழக்குப் படையின் தலைவர் சாமர்வில் அதில் கொடியேற்றினார். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஐந்து ஜப்பானிய விமானம் தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9-ந்தேதி திருகோணமலை. மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் மூழ்கியது. சாமர்வில் பகலில் எதிரியின் கண்ணில் படாமல், இரவில் ராடாரின் துணையோடு தாக்கச் சமயம் பார்த்திருந்தார். சமயம் வாய்க்கவில்லை. வார்ஸ்பைட் ஒரு குண்டும் சுடாமல் மேற்கே போயிற்று. அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். சந்தித்திருந்தால் அடிபட்டிருப்பது பெரும்பாலும் பிரிட்டிஷ் படைதான்.

ஆனால் சென்னைப் பட்டணத்துக்கு அது எப்படித் தெரியும்? சர்க்காரே ஜனங்களை வெளியேறச் சொன்னது. மிருகக்காட்சி சாலையில் கொடிய மிருகங்களைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது பத்து வயதாயிருந்த என் பாட்டி, மயிலாப்பூர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கும்பகோணத்துக்கு ரயிலேறிய கதையைச் சாகும்வரை சொன்னாள். அவள் கதையில் ஜப்பான்காரன் உண்டு. அவித்த வேர்க்கடலை உண்டு. ரயிலில் தவறவிட்ட ஒரு வெண்கல உருளி உண்டு. கண்காணாத கடலில் ஒளிந்து நடந்த ஒரு கப்பல் கிடையாது.

இலங்கையைத் தாக்கிய கப்பல்களைப் பற்றி ஒரு பின்கதை. அடுத்த மாதம் ஜப்பானியத் தளகர்த்தர்கள் மிட்வே தாக்குதலை மேஜைமேல் விளையாடிப் பார்த்தார்கள். தாயம் உருட்டியதில் அவர்களுடைய விமானம் தாங்கிகள் மேல் ஒன்பது குண்டு விழுந்ததாக முடிவாயிற்று. நடுவராயிருந்த உகாகி, ஒன்பதை மூன்றாக்கினார். மூழ்கியதாகத் தீர்ப்பான காகா என்ற கப்பலைக்கூடப் பின்னால் உயிர்ப்பித்து ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். கொழும்புத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஃபூசிடாவும் அவர் நண்பர் ஒகுமியாவும் எழுதிய நூலில் இது இருக்கிறது. ஜூன் முதல் வாரத்தில் மிட்வேயில் காகா மூழ்கியது. கூடவே, இலங்கைக்கு வந்துபோன ஐந்தில் மூன்றும் மூழ்கின.

வார்ஸ்பைட்டுக்கு இன்னும் அடி பாக்கியிருந்தது. 1943 செப்டம்பரில் சலேர்னோவுக்கு அப்பால், விமானத்திலிருந்து ரேடியோ மூலம் திசை திருப்பப்பட்ட புதுவகைக் குண்டு, தளங்களைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய் வெடித்தது. இழுத்துப் போகும்போது வடங்களெல்லாம் அறுந்து, மெஸ்ஸினா ஜலசந்தியில் கப்பல் பக்கவாட்டில் மிதந்து போயிற்று. கப்பலின் வயிற்று ஓட்டையைக் கான்கிரீட் போட்டு அடைத்தார்கள். ஒரு பீரங்கிக் கோபுரம் அதன் பிறகு வேலை செய்யவேயில்லை. அந்த நிலையில்தான், 1944 ஜூன் 6 விடியற்காலையில், எட்டுக்குப் பதில் ஆறு பீரங்கிகளோடு நார்மண்டிக் கரையைத் தாக்கியது. ஒரு வாரத்தில் கண்ணிவெடியில் சிக்கிற்று. மறுபடி ஒட்டு, மறுபடி சண்டை.

1946-ல் பழைய இரும்புக்கு விற்றார்கள். அடுத்த ஏப்ரலில், எந்திரம் ஓடாத வெறுங்கூட்டை இரண்டு இழுவைக் கப்பல்கள் ஸ்காட்லாந்தில் உள்ள உடைக்கும் துறைக்கு இழுத்துப் போயின. கார்ன்வால் கடலோரத்தில் புயல் பிடித்தது. வடம் அறுந்தது. நங்கூரமும் பிடிக்கவில்லை. 1947 ஏப்ரல் 23-ந்தேதி பிரஷ்யா கோவ் என்ற சிறு வளைகுடாவின் பாறைகளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. உள்ளே எட்டு பேர் இருந்தார்கள். பென்லீ உயிர்காப்புப் படகை, எட்வின் மட்ரன் என்ற படகோட்டி பாறைக்கும் கப்பலுக்கும் நடுவே இருந்த சந்தில் கொண்டுபோய் நிறுத்தி, எட்டு பேரையும் இறக்கினார்.

கப்பலை அங்கிருந்து முழுசாகக் கிளப்ப யாராலும் முடியவில்லை. ஸ்காட்லாந்து போகாமல், அந்தக் கரையோரத்திலேயே துண்டு துண்டாக அறுத்தார்கள். கட்டியதைவிட உடைக்க அதிக வருஷம் பிடித்தது.