ஹவானா ஹில்டன்: யார் காசு?



1958 மார்ச்சில் கியூபாவின் தலைநகர் ஹவானாவில், அமெரிக்காவின் ஹில்டன் நிறுவனம் இருபது மாடிக்கு மேல் உயர்ந்த ஒரு நட்சத்திர ஓட்டலைத் திறந்தது. நடத்தியதுதான் ஹில்டன். கட்டிய பணம், கியூபாவின் ஓட்டல், உணவகத் தொழிலாளர்களின் ஓய்வூதிய நிதி! பரிமாறியவர்களும் பாத்திரம் கழுவியவர்களும் முதுமைக்கென்று சேர்த்த காசு அது. தங்கியவர்களோ வசதி படைத்த வெளிநாட்டுப் பயணிகள்.

பத்தே மாதத்தில் புரட்சி வென்றது. 1959 ஜனவரியில் ஹவானாவுக்குள் வந்த ஃபிடல் காஸ்ட்ரோ, அந்த ஓட்டலையே தம் தலைமையிடம் ஆக்கிக்கொண்டார். 1960-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. 'ஹபானா லிப்ரே' என்று பெயர் மாறியது. சுதந்திர ஹவானா என்று பொருள்.

முதலில் முதலாளியின் பெயர், பிறகு புரட்சியின் பெயர். காசு போட்ட தொழிலாளி இரண்டிலும் இல்லை. வரலாறு படிக்கும்போது யார் திறந்தார் என்பதோடு, யார் காசு என்றும் கேளுங்கள்.