பாஸ் லினக்ஸ் (மூலநிரல் அமைப்பும் உருவாக்கமும்)

பாஸ் லினக்ஸ், 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் வழங்கும் கட்டற்ற இயங்குதளம். நடுவண் அரசின் சி-டாக் நிறுவனத்தைச் சேர்ந்த சென்னை மையம், டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலை அடிப்படையாகக் கொண்டு இதை உருவாக்கியது. முதற்பதிப்பு 2007 ஜனவரியில் வெளிவந்தது. தாமிரபரணிக் கரையின் பள்ளி, கல்லூரிகளுக்கு இது பெரும்பாலும் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினி வழியாகவே வந்துசேர்ந்தது.

தோற்றம். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ் கெர்னல் என்னும் இயங்குதளக் கருவும், 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டமும் இதன் வேர்கள். நடுவண் அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை 2005-இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கி, அதன் பொறுப்பைச் சென்னை சி-டாக்கிடமும் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையத்திடமும் ஒப்படைத்தது. முன்னது இயங்குதளத்தைக் கவனித்தது. பின்னது கல்லூரிப் பாடத்திட்டத்தைக் கவனித்தது.

மூலநிரல் அமைப்பு. பேக்கேஜ் எனப்படும் மென்பொருள் பொதிகளை ஆயிரக்கணக்கில் தேர்ந்தெடுத்து, திருத்தி, ஒன்றோடொன்று பொருந்தும்படி மறுபடி கட்டுவதே இத்தகைய வழங்கலை உருவாக்கும் வேலையில் பெரும்பகுதி. டெபியன் வழக்கப்படி ஒவ்வொரு பேக்கேஜின் மூலநிரலும் இரு பகுதிகளாக இருக்கும். மூல ஆசிரியர் வெளியிட்ட கட்டு கைபடாமல் அப்படியே இருக்கும். வழங்கலைத் தயாரிப்பவர் சேர்ப்பவை அனைத்தும் 'டெபியன்' என்னும் தனி அடைவுக்குள் போகும். அந்த அடைவில் உள்ள 'கண்ட்ரோல்' கோப்பு, பேக்கேஜைக் கட்டுவதற்கு வேறு எவையெல்லாம் தேவை என்று சொல்கிறது. 'ரூல்ஸ்' கோப்பு கட்டும் முறையைச் சொல்கிறது. இது 'மேக்' என்னும் கட்டும் கருவிக்கான கோப்பு ஆதலால், கட்டளை வரிகள் டேப் எழுத்தில் தொடங்க வேண்டும். அதன் இடத்தில் எட்டு இடைவெளி விட்டால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, ஆனால் வேலை நின்றுவிடும். 'சேஞ்ச்லாக்' கோப்பு இன்னும் கறாரானது. மாற்றத்தைச் சொல்லும் வரிக்கு முன் இரண்டு இடைவெளி, கையொப்ப வரியில் மின்னஞ்சலுக்கும் தேதிக்கும் நடுவே மீண்டும் இரண்டு இடைவெளி. எந்த மாற்றத்தை யார், எந்த நாளில், எந்த மணியில் செய்தார் என்ற முழு வரலாறும் பேக்கேஜோடு பயனரின் கணினிவரை கூடவே போகும். அரசு அலுவலகக் கோப்புகளுக்கு வாய்க்காத ஒழுங்கு இது.

மூல் திட்டம். கெர்னலின் மூலநிரல் தனி மரம். நினைவக மேலாண்மை, கோப்பு முறைமை, வலையமைப்பு, சாதன இயக்கி எனத் துறைவாரியாக அடைவுகள் பிரிந்திருக்கும். அவற்றுள் சாதன இயக்கிகளே பாதிக்கு மேற்பட்ட வரிகளைப் பிடித்துக்கொள்கின்றன. அடைவுகள் பிரிந்திருந்தாலும் உள்ளே பொது மாறிகள் வழியாக ஒரு பகுதி இன்னொன்றோடு பிணைகிறது. இந்தப் பிணைப்பு பதிப்புக்குப் பதிப்பு பெருகிவருவதாக ஆய்வாளர் ஸ்டீபன் ஷாக் குழுவினர் 2002-இல் எழுதினர். அந்தக் கவலைக்குச் சென்னை ஐ.ஐ.டி. தேடிய விடைதான் 'பாஸ் மூல்'. பேராசிரியர் து. ஜானகிராம் தலைமையில் நடந்த இத்திட்டம், கெர்னலின் சி மொழி இடைமுகங்களைப் பொருள்நோக்கு உறைகளால் மூடி, சாதன இயக்கிகளை சி++ வகுப்புகளாக எழுத வழிசெய்தது. சி++ மொழி தனக்கென ஒதுக்கிக்கொண்ட 'நியூ', 'கிளாஸ்' போன்ற சொற்கள் கெர்னல் தலைப்புக் கோப்புகளில் சாதாரணப் பெயர்களாகப் புழங்குவதால் இவ்வகை முயற்சிகள் முதற்படியிலேயே இடறும். டோர்வால்ட்ஸ் கெர்னலுக்குள் சி++ வருவதைத் தொடர்ந்து எதிர்த்துவந்தவர். தாய்க் கெர்னலில் இடம்பெறாததால் மூல் தோற்றது என்பாரும், ஆய்வாக அது நிறைவேறியது என்பாரும் உண்டு. சி-க்கு அடுத்த மொழியாகக் கெர்னல் ஏற்றுக்கொண்டது ரஸ்ட்டைத்தான். அது 2022 டிசம்பரில் 6.1 பதிப்போடு வந்தது.

கல்லூரி ஆய்வகங்களில். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2008 ஒழுங்குமுறைப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் ஏழாம் பருவத்துக்குத் திறமூல ஆய்வகம் வைக்கப்பட்டது. கெர்னலின் மூலநிரலைத் தரவிறக்கி, அமைவு தேர்ந்து, கம்பைல் செய்து, நிறுவுவதே அதன் முதற்பயிற்சி. நெல்லை வட்டாரப் பொறியியல் கல்லூரிகள் 2007 முதல் 2012 வரை திருநெல்வேலியைத் தலைமையிடமாகக் கொண்ட தனிப் பல்கலைக்கழகத்தின்கீழ் இருந்து, பின்னர் அண்ணா பல்கலைக்கழகத்தோடு மீண்டும் இணைக்கப்பட்டன. அதே காலத்தில்தான் சென்னைக்கு வெளியே மாநிலமெங்கும் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது. வழங்கலின் முழு அமைவோடு கெர்னலைக் கட்ட அன்றைய ஆய்வகக் கணினிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், பாடவேளை அதற்குள் முடிந்தும் போகும். ஆனால் 'மேக்' கருவி கோப்புகளின் நேர முத்திரையை ஒப்பிட்டே வேலை செய்கிறது. கட்டி முடிந்த கோப்புகளை அது மறுபடி தொடுவதில்லை. மின்சாரம் வந்தபின் அதே கட்டளையை மீண்டும் கொடுத்தால், பாதியில் நின்ற கோப்பை மட்டும் அழித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் இந்தக் கருவியை எழுதியபோது தென்மாவட்ட மின்வெட்டை நினைத்திருக்க முடியாதுதான்.

மடிக்கணினித் திட்டம். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் மாநில அரசின் எல்காட் நிறுவனம் வாங்கி வழங்கிய கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், பாஸ் லினக்ஸ் இரண்டும் இருந்தன. அம்பாசமுத்திரத்திலோ ஸ்ரீவைகுண்டத்திலோ பிளஸ் டூ மாணவர் கணினியைத் திறந்ததும் எதில் நுழைவது என்று முதற்திரை கேட்டது. விண்டோஸின் அந்தப் பதிப்பில் திரையின் சுவர்ப்படத்தைக்கூட மாற்ற முடியாது, பாஸில் கெர்னலையே மாற்றலாம். மாணவர்கள் எதைத் தேர்ந்தார்கள் என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. பாஸ் இருந்த பகுதியை அழித்துவிட்டு விண்டோஸின் உயர்பதிப்பைக் கள்ளத்தனமாக ஏற்றியவர்களே மிகுதி என்று கணினிக் கடை நடத்துவோர் கூறுவர். கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களோ, முதன்முதலாக லினக்ஸைத் தொட்ட தலைமுறை அதுதான் என்பர். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கத் தடையில்லை. விண்டோஸ் எக்ஸ்பி-க்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடியவிருந்த நிலையில், அரசுத் துறைகளும் பாஸுக்கு மாறுமாறு அறிவுறுத்தப்பட்டன. மலைக்கு அப்பால் கேரளத்தில் பள்ளிப் பாடமே கட்டற்ற மென்பொருளில் அமைந்தது. இங்கே கணினி வந்த அளவுக்குப் பாடம் வரவில்லை என்ற குறை பலராலும் சொல்லப்பட்டது.

பெயர் பற்றிய விவாதம். டெபியன் மீது கட்டிய ஒன்றை உள்நாட்டு இயங்குதளம் எனலாமா என்ற கேள்வி தொடக்கம் முதலே உண்டு. இந்திய மொழி இடைமுகங்கள், விசைப்பலகைகள், பள்ளிகளுக்கான எடுபாஸ் முதலியவற்றைச் சுட்டி ஆம் என்பர் சிலர். பெயரும் சுவர்ப்படமும் மாறியதே மிச்சம் என்பர் வேறு சிலர். உபுண்டுவும் டெபியன் மீதுதான் கட்டப்பட்டது என்பதை இவ்விவாதத்தில் இரு தரப்பும் அதிகம் பேசுவதில்லை.

பிற்காலம். உள்நாட்டு இயங்குதள முயற்சி கைப்பேசிக்கும் நீண்டது: சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த ஒரு நிறுவனம் 2023 ஜனவரியில் ஆண்ட்ராய்டின் திறமூல நிரலைக் கொண்டு 'பாரோஸ்' என்னும் கைப்பேசி இயங்குதளத்தை அறிவித்தது. பாஸ் லினக்ஸின் பத்தாம் பதிப்பான 'பிரக்யா' 2024-இல் வெளிவந்தது. அது டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்டது.