பெயர்தான் 'பப்ளிக்'

இங்கிலாந்தில் 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் அரசுப் பள்ளி இல்லைங்க. காசைக் கொட்டிப் படிக்கிற தனியார் பள்ளி. ஏன் இந்தப் பேர்னு தேடிப் போனேன்.

1440-ல் ஆறாம் ஹென்றி மன்னர் ஈட்டனைத் தொடங்கியது 70 ஏழைப் பையன்கள் இலவசமாகப் படிக்க. 1572-ல் ஜான் லயன் என்ற விவசாயி ஹாரோ பள்ளிக்கு அரச சாசனம் வாங்கியதும் முக்கியமாக உள்ளூர்ப் பிள்ளைகளுக்காகத்தான். பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கோ வாத்தியார் வீட்டுக்கே வருவார். அது 'பிரைவேட்' படிப்பு. எந்த ஊர்ப் பையனும் சேரலாம் என்பதால் இது 'பப்ளிக்'.

பிறகு பிரபுக்களே கட்டணம் கட்டிச் சேர்க்க ஆரம்பித்தார்கள். லத்தீன் வீட்டிலேயே கிடைக்கும். நாளைய மந்திரியோடு ஒரே பெஞ்சில் உட்காருவது கிடைக்குமா? ஈட்டனில் படித்தவர்களில் 20 பேர் பிரதமரானார்கள். வீட்டில் வாத்தியார் வைத்துப் படிப்பித்த மகன் ஜவஹரை, 1905-ல் மோதிலால் நேரு அலகாபாத்திலிருந்து கொண்டுபோய்ச் சேர்த்ததும் ஹாரோவில்தான்.

அதற்குள் உள்ளூர்ப் பையன்கள் என்ன ஆனார்கள்? 1876-ல் அவர்களுக்கென்று தனியாக இன்னொரு பள்ளி திறந்தாகிவிட்டது. அதற்கு ஜான் லயன் பேரையே வைத்தார்கள்.

எனக்குத் தோன்றுவது இதுதான்: வசதியானவர்கள் பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுப்பதாகச் சொல்கிறார்கள். உண்மையில் பிள்ளைக்குப் பக்கத்தில் யார் உட்காரணும், யார் உட்காரக்கூடாது என்பதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.